மிரர் அண்ணனுக்குப் பதினான்கு நாள்

டிரைவர், கண்டக்டர் என்று அந்த பஸ் டிப்போவில் நூற்று அறுபத்தெட்டுப் பேர். அவர்களில் யார் எந்த நாளில் வீட்டில் இருக்கலாம், யார் இருமிக்கொண்டாவது வண்டி ஏற வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள் ஒருவர்தான். மேனேஜர் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மேனேஜர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். முடிவெல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் நடந்தது. அங்கே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு சார்ட். அதன் முன்னால், மூக்கில் கண்ணாடியும் காதில் பென்சிலுமாக டூட்டி போடுகிறவர்.

அந்தக் காதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். தலையோடு ஒட்டாமல் இரண்டு பக்கமும் விரிந்து வெளியே நின்ற காது. பஸ்காரர்கள் கண்ணுக்கு அது வேறெப்படித் தெரியும்? வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே 'சைடு மிரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்தொரு வருடத்தில் சைடு உதிர்ந்து, மரியாதை சேர்ந்து, 'மிரர் அண்ணன்' ஆனார். பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். அதுதான் சங்கடமே. பகைத்துக்கொண்டு சொன்னால் திருப்பித் திட்டலாம், பாசமாகச் சொல்கிறவனை என்ன செய்வது?

அவரும் சளைத்தவரில்லை. புதிதாக ஒருவன் வேலைக்கு வந்தால், அவன் பார்வை காதுக்குப் போவதற்குள் இவரே தொடங்கிவிடுவார். "தம்பி, பின்னாடி என்ன வருதுன்னு பார்க்க நான் திரும்பவே வேண்டாம்" என்பார். வந்தவன் சிரிப்பான், இவரும் சிரிப்பார். சிரிப்பைத் தானே தொடங்கிவைத்தால் வலி பாதிதான் என்று ஒன்பது வயதில் கண்டுபிடித்திருந்தார். அந்த வயதில் வகுப்புப் போட்டோ எடுக்க வந்தவர், "அந்தப் பையனைக் கடைசி வரிசைக்கு அனுப்புங்க, பின்னாடி நிக்கறவன் மறையறான்" என்று சொல்ல, வகுப்பு மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை மிரர் அண்ணன் மறக்கவேயில்லை. அன்றிலிருந்து எந்தக் கேமராவுக்கு முன்னாலும் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். கல்யாணப் போட்டோவில்கூட அப்படித்தான், மணமகன் வேறு யாரையோ தேடுகிற மாதிரி.

"என் புருஷன் மூஞ்சி முழுசாத் தெரியற போட்டோ ஒண்ணுகூட என்கிட்ட இல்ல" என்பாள் அவர் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஆளைப் பார்த்ததும் மாத்திரை எண்ணிக்கை சொல்லிவிடுவாள், அவ்வளவு கறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள்தான் அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா இரண்டு காதையும் மடக்கிப் பார்த்து, பின்பக்கமாகக் கீறி உள்ளே தையல் போட்டுத் தலையோடு சேர்த்துவிடலாம் என்றார். ஒரு வாரம் தலையைச் சுற்றிக் கட்டு. பிறகு ஒரு மாதம் தூங்கும்போது காதை அழுத்தி ஒரு துணிப் பட்டை. ஹெல்மெட் கூடாது, காதில் மாட்டுகிற கண்ணாடி கூடாது, பதினான்கு நாள் வீட்டோடு இருந்தால் நல்லது.

"எப்ப வச்சுக்கலாம் டாக்டர்?" என்று கேட்டார் மிரர் அண்ணன்.

"அது உங்க சௌகரியம். இதுல அவசரம் ஒண்ணும் இல்ல."

அந்த ஒரு வார்த்தையில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். குடல்வால் வீங்கினால் அன்றைக்கே தேதி கிடைக்கும். அவசரமில்லாத காரியத்துக்கு எந்த மாதத்தைக் கொடுப்பது? பள்ளி திறக்கிற மாதம் கூட்டம் பிதுங்கும். மழை மாதம் வண்டிகள் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். விடுமுறை மாதம் எல்லாருக்கும் லீவு வேண்டும். நடுவில் எங்கேயாவது ஒரு சந்து கிடைத்தால் தன் வரிசையில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். அப்போது பார்த்து ஒருவன் கதவோரம் வந்து தலையைச் சொறிவான். ஒருவனுக்குப் பெண்டாட்டி பிரசவம். ஒருத்திக்கு வீடு மாறணும். இன்னொருவனுக்கு அப்பா கிடையாகக் கிடக்கிறார். மிரர் அண்ணன் ரப்பரை எடுப்பார். மூன்று வருடத்தில் நான்கு முறை தன் கோட்டைத் தானே அழித்தார். அவர் வரிசையில் மட்டும் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது.

ஐந்தாவது முறை அவரைக் கிளப்பிவிட்டது விசில்.

விசில் என்பது ஒரு கண்டக்டர். டிப்போவின் அந்தக் கோடியில் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும், அதனால் அந்தப் பெயர். மிரர் அண்ணனுடைய பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டதும் டிப்போவுக்கு வந்து, அப்பா அறையில் வீட்டுப்பாடம் எழுதிவிட்டு அவரோடு வீட்டுக்குப் போவாள். ஒரு நாள் நீச்சல் வகுப்பு முடிந்து தலையை உச்சியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற விசில் பார்த்தான். அப்பாவின் அதே காது, அச்சு அசல்.

"அட, சின்ன மிரர் வந்துட்டாங்கப்பா. வழி விடுங்க."

டிரைவர்கள் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள். மிரர் அண்ணன் சிரிக்கவில்லை. இருபத்தொரு வருடமாகத் தானே வளர்த்துவிட்ட கேலி, இப்படிச் சொத்து மாதிரி மகள் பேருக்கு மாறும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"நான் பண்ணிக்கறேன்னு வையி. அவ என்ன நினைப்பா? அப்பாவுக்கு இந்தக் காது பிடிக்கலன்னா, அதே காது இருக்கற நான் யாருன்னு கேக்கமாட்டாளா?"

மனைவி மாத்திரை எண்ணுகிற முகத்தோடு யோசித்தாள்.

"இப்ப அவளுக்கு நீச்சல் ஒண்ணுதான் தெரியும். இன்னும் ரெண்டு வருஷம் போனா கண்ணாடி முன்னாடியே நிப்பா. அப்ப பண்ணீங்கன்னா நேரா அவ தலையில விழும். பண்றதுன்னா இப்பவே. இல்லையா, அவ படிச்சு வேலைக்குப் போற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. ரெண்டுல ஒண்ணு."

இப்போதே செய்தால் மகளுக்குக் காயம், தள்ளிப் போட்டால் தனக்கு ஐம்பது தாண்டிவிடும். ஆனால் தேதி தேடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாதே. சார்ட்டைப் பார்த்தார், பள்ளிக் காலண்டரைப் பார்த்தார், சந்து தெரிந்தது. அடுத்த மாதம் மூன்றாம் தேதியிலிருந்து பதின்மூன்று வரை பெண்ணுக்கு வெளியூரில் நீச்சல் முகாம். அவள் பஸ் ஏறிய மறுநாள் ஆபரேஷன். அவள் திரும்பும்போது கட்டுப் பிரித்திருக்கும். கேட்டால், காதில் சீழ் வைத்தது, சின்னதாகக் கீறினார்கள் என்று சொல்லிவிடலாம். நாளாவட்டத்தில் புதுக் காது கண்ணுக்குப் பழகிவிடும்.

"அவகிட்ட பொய் சொல்லப்போறீங்களா?" என்றாள் மனைவி.

"பொய் இல்ல. சொல்லாம விடறது."

"சீழ்னு சொல்றது சொல்லாம விடறதா?"

அவர் காலண்டரை மடித்து வைத்தார். மனைவியும் அரைமனதாக விட்டுவிட்டாள். காதும் காதும் வைத்தமாதிரி முடிக்க வேண்டிய காரியம் என்று மனிதர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுத் தேதி வாங்கிவிட்டார்.

இங்கேதான் அவர் கை அவரையே காட்டிக்கொடுத்தது. அந்த சார்ட்டில் ஆட்களும் இருப்பார்கள், பஸ்களும் இருக்கும். மேலே ஆட்கள் வரிசை, கீழே வண்டிகள் வரிசை. ஆள் விடுப்பில் போனால் நீலக் கோடு. வண்டி பழுதுபார்க்க ஷெட்டில் நின்றால் சிவப்புக் கட்டம். முதலில் கலர் பென்சில், உறுதியான பிறகு அதே கலரில் பேனா. ஆட்கள் சேர்ந்தாற்போலப் பதினான்கு நாள் நிற்பது அபூர்வம். அப்படி நிற்பதெல்லாம் வண்டிதான். மிரர் அண்ணன் அன்றைக்கு யாரும் பார்க்கிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு, அவசர அவசரமாகத் தன் வரிசையில் பதினான்கு நாளைக் குறித்தார். கை தன் பழக்கத்துக்குச் சிவப்புப் பென்சிலை எடுத்துக் கட்டம் போட்டுவிட்டது. கவனிக்காமலே டீ குடிக்கப் போய்விட்டார்.

நூற்று அறுபத்தெட்டு ஜோடிக் கண் அந்த சார்ட்டைத் தினம் பார்க்கும். ஒருவனும் அதைக் கவனிக்கவில்லை. அவனவன் தன் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ரகம். கவனித்தது பன்னிரண்டு வயதுப் பெண். ஏழு வயதிலிருந்து அந்த அறையில் உட்கார்ந்து சார்ட்டைப் படித்து வளர்ந்தவள்.

"அப்பா, உங்களை ஏன் ஷெட்ல விட்டிருக்காங்க?"

திரும்பிப் பார்த்தவர் ஆடிப்போனார். சிவப்பு, பதினான்கு நாள், கட்டம். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கை தவறிப் போட்டுட்டேன்டா. லீவுதான் அது."

"பதினாலு நாளா? நீங்க மூணு நாளுக்கு மேல எடுத்ததே இல்லையே. நான் முகாமுக்குப் போற நாளா வேற இருக்கு."

"காதுல கொஞ்சம் வலி. சீழ் வச்சிருக்காம். டாக்டர் கீறணும்னாங்க."

"எந்தக் காது?"

"இது" என்று வலது காதைத் தொட்டார். பிறகு, இரண்டிலும் கட்டு வருமே என்று நினைவு வந்து இடதையும் தொட்டார். "ரெண்டும்தான்."

அவள் அவருடைய இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது தலையைக் கட்டாமல் விரித்துவிட்டிருந்தாள். இரண்டு பக்கமும் முடியை முன்னால் இழுத்து, காது தெரியாமல் சீவியிருந்தாள். நீச்சல் குளத்துத் தண்ணீரில் வெளுத்துப்போன அந்த முடி அடங்கவில்லை. கையால் அழுத்தி அழுத்திவிட்டாள்.

மிரர் அண்ணன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். அந்தக் கையை அவருக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவரும் அப்படித்தான் அழுத்திக்கொண்டார். தான் பயந்தது நடந்துவிட்டது, அதுவும் ஆபரேஷனால் அல்ல, தன் வாயால் நடந்தது என்பது புரிய அவருக்கு வெகு நேரம் ஆகவில்லை.

டிப்போவுக்குப் போனதும் முதல் வேலையாக ரப்பரை எடுத்துச் சிவப்புக் கட்டத்தை அழித்தார். மத்தியானம் மருந்துக்கடைக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். கவுன்ட்டரில் ஆள் இல்லாத நேரம்.

"அழிச்சிட்டீங்க. சரி. அவ தலையில நேத்து ஏறினதை எந்த ரப்பரால அழிப்பீங்க?" என்றாள்.

"என்ன பண்ணட்டும்?"

"உள்ளதைச் சொல்லுங்க. ஊருக்கெல்லாம் தேதி சொல்றீங்க. பொண்ணுகிட்ட ஒரு நிஜம் சொல்ல வாய் வரலயா?"

அன்று சாயங்காலம் பெண் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், மிரர் அண்ணன் எழுந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தியே வருடக்கணக்கு ஆகியிருந்தது. இழுத்துத்தான் சாத்த வேண்டியிருந்தது.

"சீழெல்லாம் ஒண்ணும் இல்ல. பொய் சொல்லிட்டேன். காது வெளிய நிக்குதுல்ல, அதை உள்ள சேர்த்துத் தைக்கறதுக்குத்தான் ஆபரேஷன்."

"தெரியும்" என்றாள் அவள்.

"எப்படி?"

"ரெண்டு காதுலயும் ஒரே நாள்ல யாருக்காவது சீழ் வைக்குமா?"

அவருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, வகுப்புப் போட்டோ கதையைச் சொன்னார். டீச்சர் சிரித்ததையும் சொன்னார். இந்த நாற்பத்து மூன்று வயதுவரை மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பெண் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அப்ப என் காதும் உங்களுக்குப் பிடிக்காதா?"

"நீ பொறந்தப்ப நர்ஸ் துணியில சுத்திக் கொண்டுவந்து காட்டினாங்க. நான் முதல்ல உன் காதைத்தான் தேடினேன். துணியை விலக்கிப் பார்த்தேன். பார்த்ததும் சிரிச்சிட்டேன். நம்ம ஆளுன்னு தோணிச்சு. பயமும் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். உன்னையும் சிரிப்பாங்களோன்னு பயம். ஆனா உன் தலையில அதைப் பார்க்கறப்ப எனக்குக் குறையாத் தெரிஞ்சதே இல்ல. என் தலையில பார்த்தாத்தான் அந்தக் கடைசி வரிசை ஞாபகம் வருது. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மறைச்சதாலதான் அது கெட்ட விஷயம்னு நினைச்சேன்" என்றாள். "வேற யாராவது சொன்னா நான் கண்டுக்கவே மாட்டேன். விசில் மாமா சொன்னப்பகூட எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மறைச்சதுதான்."

"தப்புதான்டா. அதான் அழிச்சிட்டேன். வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமே."

"நான் முகாமுக்குப் போற தேதியாப் பார்த்து வச்சீங்களே, அதுதான் கஷ்டம். கட்டுப் போட்டு உக்காந்திருப்பீங்க. கண்ணாடி மாட்ட முடியாதுன்னா உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அம்மா கடைக்குப் போயிடுவாங்க. யாரு பார்த்துப்பா?"

எத்தனை பேருக்கு எத்தனை தேதி பார்த்துக் கொடுத்த மனிதர். பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதைத்தான் எல்லாருக்கும் முதலில் கேட்பார். தனக்கு மட்டும் யாரும் இல்லாத தேதியாகத் தேடியிருக்கிறார்.

அவள் எழுந்து சார்ட்டின் முன்னால் போய் நின்றாள். முகாம் முடிகிற பதின்மூன்றாம் தேதியைத் தொட்டு, அதிலிருந்து விரலை நகர்த்தினாள். பதினாறாம் தேதியில் நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கும் பள்ளி விடுமுறை. அப்பாவின் மேசையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தாள்.

"பென்சில்ல போடுடா முதல்ல. டாக்டர்கிட்ட கேக்கணும்."

"பென்சில்ல போட்டா அழிச்சிடுவீங்க" என்று சொல்லிவிட்டு, தேய்ந்துபோன அந்தத் தாள் கிழியாதபடி மெதுவாக, பதினான்கு நாளுக்கு நீலக் கோடு இழுத்தாள். கோடு கொஞ்சம் கோணல்தான். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தபோது, அவசரமில்லாத காரியம்தானே, தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதே வார்த்தை முதல் தடவையாக இனித்தது.

இரண்டு நாள் கழித்து விசில் கதவோரம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, அடுத்த மாசம் பதினெட்டுலேருந்து ஒரு நாலு நாள் வேணும். மச்சினன் வீடு கட்டறான், கூட நிக்கணும்."

"அந்த வாரம் ஏற்கெனவே நாலு பேர் லீவு. இடம் இல்ல."

"யாருண்ணே அந்த நாலாவது ஆளு?"

"நான்."

விசில் சார்ட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். மிரர் அண்ணன் ரப்பர் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. கை பரபரத்தது என்பது உண்மைதான், ஆனாலும் கொண்டுபோகவில்லை.

"காது ஆபரேஷன். ரெண்டையும் உள்ள தள்ளித் தைக்கறாங்க. அதுக்கு அடுத்த வாரத்துல கேளு, பார்க்கலாம்."

விசிலின் குரல் அந்த அறையைத் தாண்டாமல் வந்தது அன்றைக்குத்தான்.

"நாங்க சொன்னதாலயாண்ணே?"

இல்லை என்று சொல்லிச் சிரித்துவிட அவருக்கு எல்லாப் பழக்கமும் இருந்தது. "நீங்க சொன்னதாலயும்தான்" என்றார்.

விசில் குனிந்து செருப்பைப் பார்த்தான். பிறகு, "பாப்பாவை அன்னிக்கு அப்படிக் கூப்பிட்டேனே" என்றான்.

"அதை அவகிட்ட கேளு. அவ காது, அவ சொல்லட்டும்."

பதினாறாம் தேதி காலை ஆஸ்பத்திரியில் அவருக்குப் பச்சை அங்கி மாட்டி உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா வந்து இரண்டு காதுக்குப் பின்னாலும் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார். கண்ணாடியைக் கழற்றி மனைவி பைக்குள் வைத்துக்கொண்டாள். முகாமிலிருந்து கறுத்துத் திரும்பியிருந்த பெண் தலையை உச்சியில் இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் ஒரு எலாஸ்டிக் நாடா. காதைத் தொடாமல் தலையைச் சுற்றிக் கண்ணாடி கட்டுவதற்காக அவளே தைத்தது.

"போட்டோ எடுக்கணும்" என்றாள். "அம்மா, நீங்க எடுங்க."

அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து கன்னத்தோடு கன்னம் உரசி உட்கார்ந்தாள். மனைவி போனைத் தூக்கினாள். மிரர் அண்ணன் முகம் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. பெண் அவர் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினாள்.

"நேரா பாருங்கப்பா."

நேராகப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் மனைவி முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. முழு முகம், இரண்டு காது, பக்கத்தில் இன்னும் இரண்டு காது. எடுத்து முடித்தும் மனைவி போனை இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இத்தனை வருடம் அவள் கேட்ட முகம் இதுதானே என்று தோன்றியதும் அவருக்கு உள்ளே ஏதோ பின்வாங்கியது. நர்ஸ் வந்து போகலாமா என்று கேட்டபோது எழுந்திருக்காமல் மகள் பக்கம் திரும்பினார்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன்."

"போயிட்டு வாங்கப்பா" என்றாள் அவள். "பழைய காது ஒரு ஜோடி என்கிட்ட பத்திரமா இருக்கு."

மிரர் அண்ணன் சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பை அவர் தொடங்கவில்லை. கண்ணைத் துடைக்கக் குனிந்தவரிடம், பேனாக் கோடு அழிந்துவிடும், தலையை ஆட்டாதீர்கள் என்றாள் நர்ஸ். சரி என்று சொல்லி, தலையை ஆட்டாமல் அவள் பின்னால் நடந்து போனார்.